கதவுகிட்ட உக்காருங்கப்பா

நோர்வூட்
19.01.2025

பாப்பா அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் சுகம். உங்களுக்குச் சளி விட்டுச்சான்னு எழுதுங்க. கடிதத்தைப் பார்த்ததும் பயந்திடாதீங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல. கல்யாணம் பேசின காலத்துல கூட ஒரு வரி எழுதாதவ, இப்ப என்ன புதுசான்னு நீங்க சிரிக்கிறது எனக்கு இங்க கேக்குது. சிரிச்சிட்டு மிச்சத்தைப் படிங்க.

போன்ல பேச முடியலங்க, அதான் விஷயம். போன் அடிச்சா பொலிஸ்ல இருந்து தான் கூப்பிடுறாங்கன்னு தோணுது. நீங்க கூப்பிட்டாலும் அப்படித்தான். உங்க பேரைப் பார்த்தப்புறமும் எடுக்கத் தோண மாட்டேங்குது. அதனால ஒஃபிஸ் விட்டு வந்ததும் அதை அரிசி வாளிக்குள்ள போட்டு மூடி வச்சிடுறேன். எடுக்கலைன்னு கோவிச்சுக்காதீங்க.

என் நியமனக் கடிதத்துல சிறுவர் உரிமை உத்தியோகத்தர்னு போட்டிருக்கு. ஸ்கூலை விட்டு நின்ன பிள்ளைகளைத் திருப்பி அனுப்புறது, தோட்டத்து லய வீட்டுல பிள்ளைகளை விட்டுட்டு வெளிநாடு போன அம்மாமார் வீட்டைப் பார்த்துட்டு வர்றது, அதான் வேலை. ஆனா பொலிஸ்ல பிள்ளைங்க கேஸ் எழுதுற இடத்துல தமிழ் பேசுற பொம்பளை ஒருத்தரும் இல்ல. ‘மிஸ், கொஞ்சம் வந்துட்டுப் போங்க’ன்னு அன்னிக்கு ஒரு நாள் கூப்பிட்டாங்க. இப்ப அதுவே என் உத்தியோகமா ஆயிடுச்சு. இளகின இரும்பைக் கண்டா கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பானாம்.

பொங்கலன்னிக்கு நடந்ததை உங்க தம்பி துஷாந்த் சொல்லியிருப்பார். சொன்னாலும் கொறைச்சுத்தான் சொல்லியிருப்பார், அதனால நானே சொல்லிடுறேன். கோயிலுக்குப் போற வழியில பாப்பாவை உப்பு மூட்டை தூக்கிக்கிட்டு ஓடினார். பொறந்ததுல இருந்து தூக்குறவர் தானே. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியலங்க. பின்னால ஓடிப்போய் பாப்பா கையைப் பிடிச்சு இழுத்துக் கீழ எறக்கிட்டேன். ‘விடுங்க அவளை’ன்னு நான் போட்ட சத்தத்துல மேளக்காரங்க கூட அடிக்கிறதை நிறுத்திட்டாங்க. தம்பி மூஞ்சி செத்துப் போச்சு. பொங்கல் கூடச் சாப்பிடாம அடுத்த பஸ்ஸுக்குப் போயிட்டார்.

அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க. ஏன் அப்படிச் செஞ்சேன்னு கேட்டா மட்டும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுங்க.

அடுத்த முறை வரும்போது அங்க கெடைக்கிற நல்ல பலாக்கொட்டை கொஞ்சம் கொண்டு வாங்க.

இப்படிக்கு,
சுலக்ஷனா


பொல்பிட்டிய
26.01.2025

என் சுலாவுக்கு,

கடிதம் கெடைச்சுது. கேட்ல நிக்கிற காவல்காரர் ‘என்ன தம்பி, வக்கீல் நோட்டீஸா’ன்னு கேட்டார். ‘இல்ல, பொண்டாட்டி லவ் லெட்டர் போட்டிருக்கா’ன்னு சொன்னேன். அவர் நம்பல.

சளி விட்டுடுச்சு. இங்க மழை தான். வேலைக்குப் போற பாதையில அட்டை காலைப் புடிச்சா விட மாட்டேங்குது, உன் ஒஃபிஸ்காரங்க மாதிரி. பவர் ஹவுஸ் மெஷின் சத்தத்துல நின்னு நின்னு காது மந்தமாயிருச்சு. நீ போன்ல பேசினாலும் பாதி எனக்குக் கேக்கிறதில்ல, தலையை ஆட்டிக்கிட்டே தான் இருந்திருக்கேன். எழுது. இது நல்லாத்தான் இருக்கு.

துஷாந்த் சொன்னான். கோபமா இல்ல. ‘அண்ணி என்னைய ஒரு பார்வை பார்த்தாங்கண்ணே, திருடனைப் பார்க்கிற மாதிரி’ன்னான். அவன் அதை மறக்க மாட்டான்னு தோணுது. ஆனா நீ அவனைப் பத்திக் கவலைப்படாத, நான் பார்த்துக்கிறேன்.

நீ கொஞ்ச நாள் லீவு போடு புள்ள. அடுத்தவங்க வீட்டுச் சாக்கடையை எல்லாம் நீயே மொண்டு ஊத்திக்கிட்டு இருந்தா கை நாறாம என்ன செய்யும்? அந்த வேலைக்கு ஆள் வைக்கிறது அரசாங்கத்தோட பாடு, உன் பாடு இல்ல. நான் சொன்னா கேக்கவா போற. ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

பலாக்கொட்டை கொண்டு வர்றேன். பாப்பாவுக்கு என் முத்தம்.

உன்,
நிரோஷன்


நோர்வூட்
16.02.2025

பாப்பா அப்பாவுக்கு,

நாங்க சுகம்னு எழுதி வைக்கிறேன், அப்பதான் கை அடுத்த வரிக்குப் போகும். 

லீவு கேட்டேன். லீவு இல்ல, ஆனா பயிற்சி இருக்குன்னாங்க. எங்களை மாதிரி வேலை பார்க்கிறவங்களுக்கு மனசு கெட்டுப் போகாம இருக்க நுவரெலியாவுல ஒரு ஹோட்டல்ல ஒரு நாள் பட்டறை. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுங்க, பொய் சொல்லல. யாரோ நம்மளையும் நெனைச்சிருக்காங்களேன்னு நல்ல சாரியா எடுத்து உடுத்திக்கிட்டுப் போனேன்.

கொழும்புல இருந்து ஒரு மேடம் வந்திருந்தாங்க. தங்கமான மனுஷி. சிங்களத்துல தான் பேசினாங்க. தமிழ் ஆளுங்க நாங்க கொஞ்சப் பேர் பின்வரிசையில இருந்தோம். ‘இவங்களுக்குப் புரியலையே, ரெண்டு பாஷையும் நல்லாத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா’ன்னு கேட்டாங்க. எல்லாரும் திரும்பி என்னையப் பார்த்தாங்க.

அப்புறம் என்ன, முன்னால போய் நின்னேன். பிள்ளைகளோட கதையைக் கேட்டுக் கேட்டு அது நமக்கே நடந்த மாதிரி ஆகிடுமாம். தூக்கம் போகுமாம். யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வருமாம். அதையெல்லாம் நான் தான் தமிழ்ல சொன்னேன். ‘கண்ணை மூடுங்க, மூச்சை மெதுவா இழுங்க, ஒரு அமைதியான எடத்தை நெனைங்க’ன்னு சொன்னேன். எல்லாரும் கண்ணை மூடினாங்க. நான் மட்டும் முழிச்சுக்கிட்டு நின்னேன். அடுத்த வரியைக் கேக்கணுமே.

முடிஞ்சதும் அந்த மேடம் என் கையைப் பிடிச்சு ‘நீங்க இல்லாட்டி இன்னிக்கு நடந்திருக்காது’ன்னாங்க. சாப்பாட்டை அலுமினியத் தாள்ல சுத்திக் குடுத்தாங்க. பாப்பாவுக்குக் கொண்டு வந்தேன்.

எங்க ஒஃபிஸ் பெரியவரையும் போய்ப் பார்த்தேன். ‘சேர், முதியோர் பிரிவுக்கு மாத்தி விடுங்க, கெழவன் கெழவிங்களுக்கு மூக்குக்கண்ணாடி எழுதிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்’னு கேட்டேன். அவர் ஏசல. ‘நீங்க போயிட்டா அந்தப் பிள்ளைங்க யார்கிட்ட பேசும்’னு மட்டும் கேட்டார். பொலிஸ்ல ஒரு தடவை, டொக்டர்கிட்ட ஒரு தடவை, கோர்ட்டுல ஒரு தடவைன்னு அதுங்க சொல்லணும். சொல்றது தமிழ்ல, எழுதுறது சிங்களத்துல. ஒவ்வொரு இடத்திலயும் என் வாயால தான் அது அந்தப் பக்கம் போகணும். ‘கூட்டாம கொறைக்காம, பிள்ளை சொன்ன மாதிரியே சொல்லுங்க மிஸ்’பாங்க. அழக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது, பிள்ளை என் மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டு இருக்கும். என்ன கதைன்னு உங்ககிட்டயும் சொல்லக் கூடாது. சொல்லவும் மாட்டேன். நீங்களாவது நல்லாத் தூங்கணும்.

கீழ்க்கடை முனாப் நானா பாப்பாவுக்கு எப்பவும் குடுக்கிற டொஃபியைக் குடுத்தார். நான் திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன். ‘என்ன மகள், நான் என்ன குத்தம் செஞ்சேன்’னு கேட்டார். பல்லுல பூச்சின்னு சொல்லிட்டு வந்தேன். அவர் கடைக்கு இப்ப நான் போறதில்ல, வெக்கமா இருக்கு. சாமான் வாங்க பாலம் தாண்டிப் போறேன்.

இந்த வாரம் வாங்க. பாப்பா காலண்டரைக் கிழிச்சுக் கிழிச்சுப் பார்க்கிறா.

இப்படிக்கு,
சுலக்ஷனா


பொல்பிட்டிய
25.02.2025

என் சுலாவுக்கு,

வந்து சேர்ந்துட்டேன். ஹட்டன்ல பஸ் மாறி ஏறினதுல இருந்து இதை எழுதணும்னு தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். நேர்ல சொல்ல வாய் வரல. நீ மூஞ்சியை வச்சிருந்த விதத்துல உன்கிட்ட சொல்லவும் பாவமா இருந்துச்சு.

ஞாயித்துக்கெழம நீ பக்கத்து வீட்டு ராசம்மா அக்காவைப் பார்க்கப் போயிருந்தியே. பாப்பா குளிச்சிட்டு வந்து நின்னா. தலையில இருந்து தண்ணி சொட்டுது, பல்லு கிடுகிடுங்குது. துண்டை எடுத்துக்கிட்டு கிட்டப் போனேன். ‘வேணாம்பா, அம்மா வரட்டும்’னா. ‘ஏன் தங்கம், அப்பா துவட்டினா வலிக்குமா’ன்னு கேட்டேன். இல்லைன்னு தலையை ஆட்டினா. ‘அம்மாவுக்குப் பயம் வந்திரும். நீங்க போய்க் கதவுகிட்ட உக்காருங்கப்பா. கதவைத் தொறந்து வச்சிட்டு உக்காந்தா அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க’ன்னா.

எட்டு வயசுப் பிள்ளைக்கு என்னையக் காப்பாத்தத் தெரிஞ்சிருக்கு சுலா.

போய் உக்காந்தேன். வெளிய பனி. அவ உள்ள நின்னுக்கிட்டு அவளே தலையைத் துவட்டிக்கிட்டா. எனக்குக் கேக்கணும்னு ஸ்கூல் கதையெல்லாம் சத்தமாச் சொன்னா. நான் ‘அப்படியா, அப்படியா’ன்னு பாதையைப் பார்த்துக்கிட்டே கேட்டேன். அந்தப் பக்கமா தேயிலைக் கொழுந்துப் பையோட போன பொம்பளைங்க ‘என்ன தம்பி, வீட்டுக்குள்ள விடலையா’ன்னு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் பின்னால பைப்படிக்குப் போய் மூஞ்சியைக் கழுவிக்கிட்டே அழுதேன். சொல்லாம இருக்க முடியல, அதான் சொல்றேன்.

நீ ஏதாவது பார்த்தியா? யாராவது ஏதாவது சொன்னாங்களா? என்னையப் பத்தி உன் மனசுல ஏதாவது இருந்தா நேரா கேட்டுடு. இல்ல, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கிற கதை தான்னா, அதுக்கும் ஒரு டொக்டர் இருப்பாங்கல்ல? போய்க் காட்டு புள்ள. கால் ஒடிஞ்சா கட்டுப் போடுறதில்லையா?

உன் மேல கோபம் இல்ல. கோபப்பட்டா தான் தேவலாம் போல இருக்கு.

உன்,
நிரோஷன்


நோர்வூட்
14.03.2025

பாப்பா அப்பாவுக்கு,

உங்க கடிதத்தைப் படிச்சிட்டு ரெண்டு வாரம் எழுதல. மன்னிச்சுக்குங்க. அதை ஒஃபிஸ் பாத்ரூம்ல வச்சுத்தான் படிச்சேன். வெளிய வந்தப்போ ஒருத்தி ‘கண்ணுல என்ன மிஸ்’ங்கிறா. ‘மிளகாய்’ன்னேன். ஒஃபிஸ்ல ஏது மிளகாய்.

உங்களைப் பத்தி என் மனசுல ஒண்ணும் இல்ல. சத்தியமா இல்ல. பாப்பா பொறந்தப்போ காய்ச்சல்ல கெடந்த என்னையும் பார்த்து, அவளையும் நெஞ்சுல போட்டு வளர்த்தது யாருன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா உங்க கை அவ தலைமேல போகும்போது எனக்கு உங்க கை தெரிய மாட்டேங்குதுங்க. வேற யாரோட கையோ தெரியுது. அதை நான் எப்படி நிறுத்துறது? சொல்லுங்க, செய்றேன்.

பாப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. ஆனா தெனமும் கேக்குறேன். பஸ்ல பக்கத்துல யாரு இருந்தா, ஸ்கூல் சேர் கிட்ட கூப்பிட்டாரா, யாராவது இது ரகசியம், யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னாங்களான்னு. ஒருநாள் கேட்டுக்கிட்டே இருக்கேன், அவ கவுனோட ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கிட்டு நெலத்தைப் பார்த்தா. பொலிஸுக்கு வர்ற பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான் உக்காரும். நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டேன். என் பிள்ளையை நானே அந்தக் கதிரையில உக்கார வச்சுட்டேன்.

நீங்க சொன்னீங்கன்னு டொக்டர்கிட்ட போனேன். நல்லவர், சின்ன வயசு. உக்கார வச்சு, ‘உங்களுக்கு என்ன கஷ்டம்’னு சிங்களத்துல கேட்டார். சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடுன்னு உங்களுக்குத் தெரியும். வாயைத் தொறந்தேன். ஒரு பிள்ளையோட கதை வந்துச்சு. நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிச்சேன். இன்னொரு பிள்ளையோடது வந்துச்சு. அவர் பொறுமையாக் கேட்டுட்டு, ‘அது கேஸ், மிஸ். நீங்க உங்களைப் பத்திச் சொல்லுங்க’ன்னார். என்னையப் பத்திச் சொல்ல எனக்குச் சிங்களத்துல ஒண்ணுமே இல்லங்க. அந்த பாஷையில நான் என் கதையைச் சொன்னதே இல்ல போல.

‘அப்ப தமிழ்ல பேசுங்க, நான் மொழிபெயர்க்க ஆள் கூப்பிடுறேன்’னு சொல்லி நர்ஸை அனுப்பினார். அந்த நர்ஸ் பிள்ளை போயிட்டு வந்து கதவுல நின்னு என்னையவே பார்க்குது. அந்த கிளினிக்குக்கு எப்பவும் கூப்பிடுறது என்னையத்தான். அப்புறம் எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. அந்த டொக்டருக்கும் வந்திருச்சு, பாவம், உடனே அடக்கிக்கிட்டார். தூங்கறதுக்கு மாத்திரை எழுதிக் குடுத்தார். கண்டிக்குப் போனா தமிழ்ல பார்க்கிறவங்க இருக்காங்களாம். கண்டிக்குப் போக லீவு வேணும்.

ஒண்ணு முடிவு பண்ணியிருக்கேன். சித்திரை லீவுக்கு பாப்பாவை உங்ககிட்ட கொண்டு வந்து விடுறேன். ஒரு வாரம் அவ உங்களோட இருக்கட்டும். நான் இல்லாத எடத்துல அவ கொஞ்சம் சிரிக்கட்டும். நான் விட்டுட்டுத் திரும்பி வந்து இங்க தனியா இருந்து பழகுறேன். செஞ்சு பார்த்துடணும்ங்க. செஞ்சா தான் இது போகும்.

உங்க,
சுலக்ஷனா


பொல்பிட்டிய
23.03.2025

என் சுலாவுக்கும் என் செல்லத்துக்கும்,

அடி என் ராசாத்தி! உன் கடிதத்தைப் பார்த்துட்டு குவார்ட்டர்ஸை ரெண்டு தரம் கழுவிட்டேன். மேல் வீட்டு ஆண்டி ‘என்ன, பொண்ணு பார்க்க வர்றாங்களா’ன்னு கேட்டுச்சு. ‘பொண்ணே வருது’ன்னேன்.

உள் ரூமைப் பாப்பாவுக்கு ஒதுக்கிட்டேன். நான் முன்னால படுத்துக்குவேன். ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லாம இருந்துச்சு, புதுசாப் போட்டுட்டேன், அவளுக்கு எட்டுற உசரத்துல. நீ கேக்கல. உனக்கு நிம்மதியா இருக்கும்னு தான் போட்டேன். ஆணி அடிக்கும்போது கையில அடிச்சுக்கிட்டேன், அது வேற கதை.

லீவு எழுதிக் குடுத்துட்டேன். அவளுக்கு ஆத்துக்குப் போகணும், மெஷின் பார்க்கணும், முட்டை ரொட்டி சாப்பிடணும். எல்லாம் நடக்கும். தேதி எழுது. பஸ் வர்ற நேரத்துக்கு முன்னாலேயே போய் ரோட்டுல நிப்பேன்.

டொக்டர் கதையைப் படிச்சுச் சிரிச்சேன். அப்புறம் சிரிக்க முடியல. கண்டிக்கு நானே கூட்டிக்கிட்டுப் போறேன். லீவு கெடைக்கலைன்னா அந்த வேலையையே விட்டுடு. கஞ்சியோ கூழோ குடிச்சுக்கலாம். நெசமாத்தான் சொல்றேன்.

உன்,
நிரோஷன்


பொல்பிட்டிய
16.04.2025

சுலக்ஷனாவுக்கு,

நீ வர்றேன்னு எழுதின தேதியில காலையில இருந்து கடைசி பஸ் வரைக்கும் ரோட்டுல நின்னேன். உன் போனுக்கு எடுத்தேன், அரிசி வாளிக்குள்ள அடிச்சுக்கிட்டு இருந்திருக்கும். பஸ் எங்கயாவது உருண்டிருச்சோன்னு பயந்து, ரோட்டுல போறவன் வர்றவனை எல்லாம் கேட்டுக்கிட்டு நின்னேன். ராசம்மா அக்காவுக்கு எடுத்தப்புறம் தான் நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்கே திரும்பிட்டீங்கன்னு தெரிஞ்சது. ‘மத்தியானமே வந்துட்டாங்களே தம்பி, உங்களுக்குத் தெரியாதா’ன்னு அக்கா கேட்டாங்க. தெரியும்னு பொய் சொன்னேன்.

என்ன நடந்துச்சுன்னு எழுது. வேற ஒண்ணும் கேக்கல.

நிரோஷன்


நோர்வூட்
20.04.2025

பாப்பா அப்பாவுக்கு,

என்னைய ஏசுங்க. உங்களுக்கு ஏசத் தெரியாது, அது தான் எனக்குப் பெரிய தண்டனை.

புறப்பட்டோம். பாப்பா வருஷப் பொறப்புக்கு எடுத்த புது கவுன் போட்டிருந்தா. கினிகத்தேனை வரைக்கும் நல்லாத்தான் வந்தோம். அங்க பஸ் கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்போ பாப்பா ‘அப்பா வீட்டுல கதவு எந்தப் பக்கம்மா இருக்கு’ன்னு கேட்டா. ‘ஏன் கேக்கிற’ன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அங்க இருந்து ஓடத்தான் வழி கேக்கிறாளோன்னு எனக்குப் பட்டுச்சு. அவளைத் தூக்கிக்கிட்டு எறங்கிட்டேன். பை மேலேயே இருந்துச்சு, கண்டக்டர் தான் ஜன்னலால தூக்கிப் போட்டார். எதிர்ப்பக்கம் நின்ன பஸ்ஸுல ஏறி உக்காந்தப்புறம் தான், அவ எனக்காகத்தான் கேட்டிருக்கான்னு எனக்கு உறைச்சுது. உங்களை எங்க உக்கார வைக்கணும்னு யோசிச்சிருக்கா. தெரிஞ்சும் நான் எறங்கலங்க. எந்திரிக்க முடியல. அவ வீடு வர்ற வரைக்கும் அழுதா.

அதுக்கு முந்தின வாரம் ஒரு கேஸ் வந்துச்சு. யாரு எவருன்னு எழுத மாட்டேன். செஞ்சது பிள்ளையோட அப்பா. தலை பின்னி, பொட்டு வச்சு, கையைப் பிடிச்சு ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வந்த மனுஷன்னு ஊரே சொல்லுது. அம்மாக்காரி ‘எனக்குத் தெரியாதே மிஸ், எனக்குத் தெரியாதே’ன்னு என் காலைக் கட்டிக்கிட்டு அழுதா. நான் அவகிட்ட ஒரு கேள்வி கேக்கணும்னு பொலிஸ் ஐயா சொன்னார், நானும் கேட்டேன். ‘நீங்க அவர்கிட்ட எப்பவாவது கேட்டிருக்கீங்களா?’ அவ, ‘புருஷன்கிட்ட எப்படி மிஸ் அதைக் கேக்கிறது’ன்னா.

அந்த வார்த்தை என்னைய விட மாட்டேங்குது. எங்க வேலையில சந்தேகம்னு ஒண்ணு வந்துட்டா, நேரா கேட்டு, பதிலைப் பேரோட எழுதி வாங்கணும். அப்பதான் மூடி வைக்க முடியும். கேக்காம விட்டது தான் எல்லாக் கேஸ்லயும் தப்பு. நீங்களும், மனசுல இருந்தா நேரா கேளுன்னு எழுதியிருந்தீங்க. உங்களைத் தெரிஞ்சும் கேக்குறேன். பதில் தெரிஞ்சும் கேக்குறேன். ஒரே ஒரு தடவை கேட்டுட்டா இது என்னைய விட்டுடும்னு நம்புறேன். உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்.

நம்ம பாப்பாகிட்ட நீங்க எப்பவாவது தப்பா நடந்திருக்கீங்களா?

எழுதிடுங்க. எழுதிட்டு உடனே வீட்டுக்கு வந்துடுங்க. நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்.

உங்க,
சுலக்ஷனா


பொல்பிட்டிய
04.05.2025

சுலக்ஷனாவுக்கு,

நீ கேட்ட மாதிரியே எழுதுறேன்.

ஆண்டியப்பன் நிரோஷன் ஆகிய நான் என் மகள் நிலக்ஷியிடம் ஒரு நாளும் தப்பாக நடந்ததில்லை.

எழுதிட்டேன். இதை நீ எங்க வைக்கணுமோ அங்க வச்சுக்க. நேரா கேளுன்னு நான் தான் சொன்னேன், அதனால உன்னைய ஒண்ணும் சொல்ல எனக்கு வாயில்ல. ஆனா சொன்னப்போ, நீ கேக்க மாட்டேன்னு நம்பித்தான் சொன்னேன்.

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. பஸ் ஏறணும்னு பையைக் கட்டினேன். ரெண்டு தரம் கட்டினேன். உன் மேல கோபம் இல்ல சுலா, கடவுள் சத்தியமா இல்ல. உன்னைய இந்த நெலைமைக்குக் கொண்டு வந்தவங்க மேல கோபம் வரும்னு பார்த்தேன். அதுல யாரைப் பிடிக்கிறது? அந்தப் பிள்ளைங்க மேல கோபப்பட முடியுமா? உன் பெரியவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. அந்த டொக்டரும் நல்லவர் தான். எல்லாரும் நல்லவங்களாத்தான் இருக்காங்க.

எனக்கு என் மேலயே பயம் வந்திருச்சு. அதான் வரல.

மேல் வீட்டு ஆண்டியோட பேத்தி இருக்குல்ல, சின்னக் குட்டி, நாலு வயசு. அதோட பந்து என் வீட்டு முற்றத்துல விழுந்தா எடுக்க வரும். கீழ எறங்கி வந்துடும், திரும்ப ஏறத் தெரியாது, மதில் உசரம். எப்பவும் நான் தான் இடுப்புல கையைக் குடுத்துத் தூக்கி மேல விடுவேன். நேத்து வந்துச்சு. பந்தை எடுத்துக்கிட்டு, ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு ‘மாமா’ன்னு நின்னுச்சு. நான் என் கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். சுத்திமுத்தி யாராவது பார்க்கிறாங்களான்னு பார்த்தேன். நான் ஏன் அப்படிப் பார்த்தேன்? களவெடுக்கிறவன் மாதிரி ஏன் பார்த்தேன்?

அது ரொம்ப நேரம் கையைத் தூக்கிக்கிட்டே நின்னுச்சு. அப்புறம் அழுதுச்சு. நான் ஏணியைக் கொண்டு வந்து சாத்தி வச்சிட்டு, தள்ளிப் போய் நின்னேன்.

அப்பா ஏன் வரலைன்னு பாப்பா கேட்டா, அப்பாவுக்கு ஷிஃப்ட் மாத்திட்டாங்கன்னு சொல்லு.

ஆ. நிரோஷன்